பந்துக்கு விதி எழுதிய ஊர்

கால்பந்து எங்கே பிறந்தது என்று கேட்டால் இங்கிலாந்து என்று உடனே சொல்லிவிடுவோம். இங்கிலாந்தில் எந்த ஊரில் என்று அடுத்த கேள்வி விழுந்தால் லண்டன் என்பார்கள், அல்லது மான்செஸ்டர் என்பார்கள். 1863-ல் கால்பந்துச் சங்கம் கூடியது லண்டனில். தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் இருப்பது மான்செஸ்டரில். மாணவர்கள் 1848-ல் விதி எழுதினார்கள் என்று கேம்பிரிட்ஜில் ஒரு பூங்காவில் கல்லே நட்டிருக்கிறார்கள். உலகின் மிகப் பழைய கால்பந்து கிளப், மிகப் பழைய கால்பந்து மைதானம், மிகப் பழைய கோப்பை மூன்றுக்கும் சொந்தக்கார ஊரான ஷெஃபீல்டு மட்டும் தன்னைப் பற்றி வாயே திறப்பதில்லை.

நம்மவர்களுக்கு ஷெஃபீல்டு என்றால் கத்தி. பழைய சலூன்களில் தோல் வாரில் தீட்டிய சவரக் கத்தியின் தண்டில் அந்தப் பெயர் பொறித்திருக்கும். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முதலில் கண்ணில் படுவதும் எஃகுதான்: பளபளவென்று நீளும் ஓர் எஃகுச் சுவர், அதன் மேல் வழிந்துகொண்டே இருக்கும் தண்ணீர். கத்தி செய்த ஊர் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுகிறார்கள். கால்பந்தை நாமாகத் தேடிப் போக வேண்டும். அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கும் நண்பர், "இந்த ஊர்ல எல்லாத்துக்கும் மேடு ஏறணும், தெரிஞ்சுதானே வந்திருக்கீங்க?" என்றார். ஏழு குன்றுகளின் மேல் அமைந்த ஊர் என்று பெருமையாகச் சொல்வார்கள். நடந்து பார்த்தால் ஏழோடு நிற்பதாகத் தெரியவில்லை.

முதலில் அவர் கூட்டிப்போனது ஒரு நாடகக் கொட்டகைக்கு. க்ரூசிபிள் தியேட்டர். எஃகு உருக்கும் மூசைதான் க்ரூசிபிள். 1977 முதல் உலக ஸ்னூக்கர் போட்டி ஆண்டுதோறும் இங்கேதான் நடக்கிறது. ஆயிரம் இருக்கைகூடத் தேறாத அரங்கம் அது. முன் வரிசையில் உட்கார்ந்தால் ஆட்டக்காரர் மூச்சு விடுவது கேட்கும் என்பார்கள். நான் போனபோது ஸ்னூக்கர் இல்லை, ஏதோ இசை நாடகத்துக்கு வரிசை நின்றிருந்தது. ஆனால் எனக்கு வேண்டியது அந்தக் கட்டடத்துக்கு அடியில் இருந்தது. 1971-ல் க்ரூசிபிள் திறப்பதற்கு முன்னால் அந்த இடத்தில் அடெல்ஃபி ஓட்டல் என்று ஒன்று இருந்தது. யார்க்‌ஷயர் கவுண்டி கிரிக்கெட் கிளப்பை 1863 ஜனவரியில் ஆரம்பித்தது அந்த ஓட்டலில். 1867 செப்டம்பரில் வெட்னெஸ்டே கால்பந்து கிளப்பை ஆரம்பித்ததும் அங்கேதான். 1889-ல் ஷெஃபீல்டு யுனைடெட் பிறந்ததும் அங்கேதான். ஒரே ஓட்டலில் மூன்று பிரசவம். ஓட்டலை இடித்துவிட்டார்கள். இடித்த இடத்தில் நாலாவதாக ஸ்னூக்கர் வந்து குடியேறிவிட்டது. மண்ணுக்கு ராசி உண்டு என்று நம்புகிறவர்கள் இந்தத் தெருமுனையைக் குறித்துக்கொள்ளலாம்.

வெட்னெஸ்டே என்ற பெயரைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். அதன் பின்னால் இருப்பது தொழிலாளிகளின் வரலாறு. கத்தி, கத்திரி, அரம் செய்த பட்டறைக்காரர்கள் பலருக்கும் புதன்கிழமை அரை நாள் ஓய்வு. அந்த அரை நாளில் ஆடிய கிரிக்கெட் கிளப் 1820-லேயே உண்டு. குளிர்காலத்தில் கிரிக்கெட் கிடையாது, ஆட்கள் சிதறிப்போகிறார்கள். அவர்களைக் கட்டி வைக்கக் கால்பந்து ஆடலாம் என்று முடிவு செய்த கூட்டம்தான் அடெல்ஃபியில் கூடியது. அடுத்த பிப்ரவரியிலேயே அவர்கள் ஒரு கோப்பை வென்றார்கள். ஆலிவர் க்ராம்வெல் என்ற நாடகக் கொட்டகை மேலாளர் கொடுத்த கோப்பை. (மன்னரின் தலையை வெட்டிய க்ராம்வெல் வேறு ஆள்.) ஆட்டம் கோலில்லாமல் முடிந்தபோது, யார் முதலில் கோல் போடுகிறார்களோ அவர்களுக்கே கோப்பை என்று பேசிக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். 1990-களில் பெரிய புதுமை என்று கொண்டுவந்து, பிறகு கைவிட்ட 'கோல்டன் கோல்' முறை 1868-லேயே ஷெஃபீல்டில் நடந்து முடிந்த கதை.

ஆனால் எல்லாவற்றுக்கும் மூத்தது ஷெஃபீல்டு ஃபுட்பால் கிளப். 1857 அக்டோபர் 24. நதானியல் க்ரெஸ்விக், வில்லியம் ப்ரெஸ்ட் என்ற இரண்டு நண்பர்கள். ஒருவர் வழக்கறிஞர், மற்றவர் ஒயின் வியாபாரி. இரண்டு பேரும் கிரிக்கெட் ஆடியவர்கள், குளிர்காலத்தில் கை கால் துறுதுறுத்தவர்கள். பார்க்ஃபீல்டு ஹவுஸ் என்ற வீட்டின் பசுமைக்கூடம்தான் கிளப்புக்கு முதல் அலுவலகம். செடி வளர்க்கிற கண்ணாடி அறை! அக்கம்பக்கத்தில் வேறு கிளப்பே இல்லாததால் எதிரணிக்கு எங்கே போவது? தங்களுக்குள்ளேயே பிரித்துக்கொண்டு ஆடினார்கள். கல்யாணம் ஆனவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் ஒரு பக்கம். அகரவரிசையில் பெயர் முன்னால் வருகிறவர்கள் ஒரு பக்கம், பின்னால் வருகிறவர்கள் ஒரு பக்கம். ஆள் பிரிப்பதில் தெருவில் ஆடும் பிள்ளைகளிடம் அவர்கள் கற்றுக்கொள்ள எதுவும் இருந்திருக்காது.

1858-ல் விதி எழுதினார்கள். அந்த விதிகளில் எனக்குப் பிடித்தது கடைசி விதி: ஒவ்வொரு ஆட்டக்காரரும் சிவப்பில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று என இரண்டு ஃபிளானல் தொப்பிகளைச் சொந்தமாக வைத்திருக்க வேண்டும். ஓர் அணிக்கு ஒரு நிறம். சீருடை என்ற சங்கதியே இல்லை, தொப்பியைப் பார்த்துத்தான் தன் ஆள், எதிராள். மழையில் சேற்றில் தொப்பி கழன்று விழுந்தால் என்ன செய்தார்கள் என்று விதியில் இல்லை. கார்னர் கிக், தவறுக்குத் தண்டனையாக ஃப்ரீ கிக், கோல் கம்பங்களின் மேல் குறுக்குக் கட்டை என்று இன்று கால்பந்தின் எலும்பாக இருக்கும் பலவும் ஷெஃபீல்டு விதிகளில் வளர்ந்து அங்கிருந்து லண்டனுக்குப் போனவை. கார்னரை லண்டன் சங்கம் 1872-ல்தான் எடுத்துக்கொண்டது. 1877 வரை ஷெஃபீல்டு தன் சொந்த விதியில்தான் ஆடியது.

1866 மார்ச்சில் லண்டனும் ஷெஃபீல்டும் பேட்டர்ஸி பூங்காவில் மோதின. வடக்கேயிருந்து வந்த ஆட்கள் உயரே வந்த பந்தைத் தலையால் முட்டினார்கள். லண்டன்காரர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆட்டத்தில் ஜெயித்தது லண்டன்தான். ஆனால் முட்டுவதை விட்டவர் யாரும் இல்லை.

சனிக்கிழமை மதியம் சாண்டிகேட்டுக்குப் புறப்பட்டோம். ஊரின் மேற்கே, க்ராஸ்பூல் என்ற குடியிருப்புப் பகுதியில், பேருந்து மூச்சிரைத்து ஏறும் மேட்டின் மேல். இறங்கினால் மைதானம் இருக்கிற சுவடே தெரியவில்லை. கல் வீடுகள், ஒட்ட வெட்டிய வேலிச் செடிகள், ஒரு சாய்வான தெரு. வேலிக்குப் பின்னால் நாலு விளக்குக் கம்பம் தெரிந்தது, அதை வைத்துக் கண்டுபிடித்தோம். 1804-ல் கிரிக்கெட்டுக்காகத் திறந்த மைதானம் இது. 1860-ல் ஹாலம் ஃபுட்பால் கிளப் இங்கே தொடங்கியது. இன்றும் ஹாலம் ஆடுவது இங்கேதான். உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் ஒப்புக்கொண்ட இடம்.

உள்ளே போனதும் பழமையெல்லாம் மறந்துபோனது. கண்ணை நிறைத்தது சரிவு. புல்தரை ஒரு மூலையை நோக்கி அப்படியே வழிகிறது. தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய பளிங்குத் தரை மைதானங்களை நினைத்துக்கொண்டு போகிறவருக்கு, யாரோ படத்தைச் சாய்த்து மாட்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றும். கீழ் மூலையில் கார்னர் எடுக்கிற ஆள் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால் கோல்கீப்பர் மாடியில் நிற்கிறார்.

கம்பி வேலியில் கையூன்றி நின்றிருந்த ஒரு பெரியவரிடம் நண்பர் என்னை அறிமுகப்படுத்தினார். கம்பளித் தொப்பி, வாரில் கட்டிய ஒரு வெள்ளை நாய். ஆட்டம் முழுக்க நாய் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, பந்தைப் பார்க்கவே இல்லை.

"சென்னையா? அங்கே கிரிக்கெட்தானே?" என்றார்.

"கால்பந்தும் உண்டு. வியாசர்பாடின்னு ஒரு இடம், வடசென்னையில. அங்கே பிள்ளைங்க இதுதான் ஆடுவாங்க" என்றேன்.

"மைதானம் சமமா இருக்குமா?"

"சமமாத்தான் இருக்கும். புல்லுதான் இருக்காது."

அவருக்கு அது பிடித்துப்போனது. அதன் பிறகு எனக்குப் பாடம் எடுத்தார். டாஸ் வென்றால் முதல் பாதியில் எந்தப் பக்கம் ஆட வேண்டும், காற்று மேற்கேயிருந்து அடித்தால் என்ன, மழை பெய்தால் பந்து எங்கே போய்த் தேங்கும், வெளியூர் அணிகள் எந்த இடத்தில் ஏமாறும். இறக்கத்தில் ஆடும்போது எல்லோரும் தூரத்திலிருந்தே அடிக்கப் பார்ப்பார்கள், பந்து உருண்டு வெளியே போய்விடும். ஏற்றத்தில் ஆடுவதுதான் லாபம், பந்து காலிலேயே நிற்கும் என்பது அவர் கட்சி. பக்கத்தில் நின்றிருந்த இன்னொருவர் அதை மறுத்தார். இருவரும் இதைப் பல வருடமாகப் பேசித் தீர்க்காமல் வைத்திருக்கிறார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. அன்று ஹாலம் இறக்கத்தில் ஒரு கோலும் ஏற்றத்தில் ஒரு கோலும் போட்டதால் வழக்கு மறுபடி ஒத்திவைக்கப்பட்டது.

இடைவேளையில் பை வாங்கினோம். சூடான இறைச்சி அடை, பக்கத்தில் மசித்த பச்சைப் பட்டாணி. அதன் மேல் ஒரு கறுப்புச் சாற்றைத் தாராளமாக ஊற்றிக்கொள்கிறார்கள். ஹெண்டர்சன்ஸ் ரெலிஷ். ஆரஞ்சு நிறச் சீட்டு ஒட்டிய புட்டி. ஷெஃபீல்டில் எந்த மேசையிலும் இது இல்லாமல் சாப்பாடு இல்லை, ஊர் எல்லையைத் தாண்டினால் இதைத் தெரிந்தவர் குறைவு. நாக்கில் வைத்ததும் ஏதோ தெரிந்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. புட்டியைத் திருப்பிப் படித்தால் புளி, கிராம்பு, மிளகாய், பூண்டு. நான் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டதைப் பார்த்துக் கடைக்காரப் பெண்மணிக்கு ஏக மகிழ்ச்சி.

இந்தச் சரிவில்தான் 1860 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஹாலமும் ஷெஃபீல்டும் மோதின. இரண்டு கிளப்புகள் தங்களுக்குள் ஆடிய உலகின் முதல் ஆட்டம். தரையெல்லாம் பனி. ஷெஃபீல்டு 2–0 என்று ஜெயித்தது. பெரியவர் இந்தத் தகவலைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். தோற்றது நேற்றைக்கு என்பதைப் போல. இரண்டு வருடம் கழித்து இதே இரண்டு அணிகளும் பிராமல் லேனில் ஆடியபோது கைகலப்பே நடந்தது. ஹாலத்தின் வாட்டர்ஃபால் என்ற ஆட்டக்காரர் மேல்சட்டையைக் கழற்றி வீசிவிட்டு க்ரெஸ்விக்கின் மேல் பாய்ந்ததாக அன்றைய பத்திரிகை எழுதியிருக்கிறது. அந்த ஆட்டம் தரும காரியத்துக்காக ஏற்பாடானது என்பதுதான் வேடிக்கை. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்து நின்று, லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்கள் பட்டினி கிடந்த நேரம். அவர்களுக்குப் பணம் திரட்டத்தான் ஆடினார்கள். அதே பஞ்சுத் தட்டுப்பாட்டில்தான் நம் திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்குக் கண்டபடி விலை ஏறியது. லங்காஷயரில் அடுப்பு அணைந்ததில், கோவில்பட்டிக் கரிசலில் யாரோ ஓர் இடைத்தரகர் மாடி வீடு கட்டியிருப்பார்.

ஹாலத்தின் பெருமை 1867-ல் வருகிறது. தாமஸ் யூடன் என்ற நாடகக் கொட்டகை முதலாளி ஒரு கோப்பைக்குப் பணம் போட்டார். பன்னிரண்டு கிளப்புகள் மோதின. இறுதி ஆட்டத்தில் ஹாலம் நார்ஃபோக் அணியை வென்றது, ஒரு கோல்கூடப் போடாமல்! ஷெஃபீல்டு விதியில் அப்போது 'ரூஜ்' என்று ஒரு கணக்கு உண்டு. கோல் கம்பத்துக்கு இருபுறமும் நாலு கஜம் தள்ளிக் கொடி நட்டிருப்பார்கள். அந்த இடைவெளியில் பந்தை அடித்து, பின்னாலேயே ஓடித் தொட்டுவிட்டால் ஒரு ரூஜ். கோல் சமமானால் ரூஜைப் பார்த்து முடிவு. ஹாலத்துக்கு இரண்டு ரூஜ், நார்ஃபோக்குக்கு ஒன்றுமில்லை. உலகின் முதல் கால்பந்துக் கோப்பை இன்று யாரும் ஆடாத ஒரு கணக்கில் தீர்மானமாகியிருக்கிறது.

அந்த வெள்ளிக் கோப்பையை எப்படிக் காத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காக்கவில்லை. தொலைந்துபோனது. எங்கே போனது, யார் எடுத்தார் என்று தெரியாமலே தலைமுறைகள் கழிந்தன. 1997-ல் ஸ்காட்லாந்துப் பழம்பொருள் வியாபாரி ஒருவர், என்னிடம் இப்படி ஒன்று இருக்கிறது, உங்களுடையதா என்று கேட்டார். இரண்டாயிரம் பவுண்டு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். நல்ல வேளை, அவருக்கும் அதன் மதிப்பு சரியாகத் தெரிந்திருக்கவில்லை போல. இதைச் சொல்லிவிட்டுப் பெரியவர் சிரித்தார். கோப்பையைத் தொலைத்த கிளப் மைதானத்தை மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இதில் ஒரு நியாயம் தெரிகிறது. வெள்ளியைப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம். சரிந்த புல்தரையை வைத்திருக்க வேண்டுமானால் சனிக்கிழமைதோறும் பதினொரு பேர் வந்து மிதிக்க வேண்டும், யாராவது கோடு போட வேண்டும், யாராவது பை சுட வேண்டும். பிரீமியர் லீகிலிருந்து எண்ணினால் ஏழெட்டுப் படி கீழே ஆடும் கிளப் அது. கோடு போடுகிறவரும் நுழைவுச்சீட்டு கிழிக்கிறவரும் பெரும்பாலும் சம்பளமில்லாதவர்கள்.

பிராமல் லேன் வேறு உலகம். நகரத்தின் நடுவில், யுனைடெட்டின் மைதானம். 1855-ல் கிரிக்கெட்டுக்காகத் திறந்தது, 1902-ல் இங்கிலாந்து–ஆஸ்திரேலியா டெஸ்ட் ஒன்றையும் பார்த்தது. கிரிக்கெட்டும் கால்பந்தும் ஒரே வளாகத்தில் குடித்தனம் நடத்தின. ஒரு பக்கம் கிரிக்கெட் திடல் இருந்ததால் கால்பந்து மைதானத்துக்கு நெடுங்காலம் மூன்று பக்கம்தான் கூரைத் தளங்கள். 1973 ஆகஸ்டில் கடைசி கவுண்டி ஆட்டம் முடிந்தது, இரண்டு வருடத்தில் கிரிக்கெட் திடலின் மேல் தெற்குத் தளம் எழும்பிவிட்டது. யார்க்‌ஷயர் கிரிக்கெட் பிறந்த ஊரில் கவுண்டி கிரிக்கெட்டுக்கு அத்தோடு அந்த இடம் போயிற்று.

இங்கேதான் 1878 அக்டோபர் 14 இரவு மின்விளக்கில் கால்பந்து ஆடினார்கள். எடிசனின் பல்புக்கு முந்தைய ஆண்டு. முப்பதடி உயர மேடைகளில் நான்கு வில்விளக்குகள், கோல்களுக்குப் பின்னால் நீராவி எந்திரம் சுற்றும் டைனமோக்கள். ஆட்டம் பார்க்க வந்தார்களா வெளிச்சம் பார்க்க வந்தார்களா என்று சொல்ல முடியாத கூட்டம். விளக்கு எட்டாத இருட்டுப் பக்கமாகக் காசு கொடுக்காமல் நுழைந்தவர்கள் ஆயிரக்கணக்கில். இரண்டு அணிகளுக்கும் தலைவர்கள் க்ளெக் என்ற அண்ணன் தம்பிகள். அவர்களில் சார்லஸ் க்ளெக் 1872-ல் ஸ்காட்லாந்தோடு நடந்த முதல் சர்வதேச ஆட்டத்தில் ஆடியவர், பிற்பாடு இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்துக்கே தலைவரானவர்.

யுனைடெட்டின் பழைய ஆட்களில் ஊர் மறக்காத பெயர் வில்லியம் ஃபோக், கோல்கீப்பர். மலை மாதிரி ஆள். 1898-ல் யுனைடெட் லீக் பட்டம் வென்ற அணியில் கம்பங்களுக்கு நடுவே நின்றவர். அவருக்கு மாற்றாக 1894-ல் வந்து சேர்ந்தவரைத்தான் ஊர் மறந்துபோனது. ஆர்தர் வார்ட்டன். கானாவின் அக்ராவில் பிறந்தவர். 1886-ல் லண்டனில் நூறு கஜத்தைப் பத்து விநாடியில் ஓடி உலக சாதனை செய்தவர். உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரர் என்று இன்று சொல்லப்படுபவர். யுனைடெட்டுக்காக முதல் பிரிவில் அவர் ஆடியது ஒரே ஓர் ஆட்டம். ஆட்டக் காலம் முடிந்ததும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். 1930-ல் இறந்தபோது டான்காஸ்டர் பக்கம் எட்லிங்டனில் பெயர்க்கல் இல்லாத குழியில் புதைத்தார்கள்.

அறுபத்தேழு வருடம் அப்படியே கிடந்த குழிக்கு 1997-ல் கல் நட்டவர்கள் அரசாங்கமோ கால்பந்துச் சங்கமோ இல்லை. பிராமல் லேனை ஒட்டிய ஷாரோ பகுதியில், பார்வையாளர் வரிசையிலிருந்து வரும் இனவெறிக் கூச்சலைப் பொறுக்க முடியாமல் ரசிகர்கள் 1995-ல் தொடங்கிய 'ஃபுட்பால் யுனைட்ஸ், ரேஸிசம் டிவைட்ஸ்' என்ற அமைப்பு அதற்கு முன்னின்றது. யூடன் கோப்பை திரும்பி வந்ததும் அதே ஆண்டுதான். இரண்டில் எது பெரிய மீட்பு என்று கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை.

வெட்னெஸ்டேக்காரர்களின் ஹில்ஸ்பரோ மைதானத்துக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போனோம். போட்டி வெறிக்குப் பேர்போன இடம் அது. 1979 டிசம்பர் 26-ல் மூன்றாம் பிரிவில் கிடந்த இரண்டு ஷெஃபீல்டு அணிகளும் மோதியபோது நாற்பத்தொன்பதாயிரம் பேர் வந்தார்கள். வெட்னெஸ்டே 4–0. யுனைடெட்டைத் துரத்திய அந்தக் கிண்டல் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஹில்ஸ்பரோ என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது 1989 ஏப்ரல் 15. லிவர்பூல்–நாட்டிங்ஹாம் அரையிறுதி. லெப்பிங்ஸ் லேன் பக்கம் கம்பிக் கூண்டுகளுக்குள் நெரிசல். 97 பேர் செத்தார்கள். ரசிகர்களின் மேல் பழி போட்டுப் பல வருடம் ஓட்டினார்கள். இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் தவறில்லை என்று மரண விசாரணையின் நடுவர் குழு சொல்ல 2016 ஆனது. மைதான வாசலருகே நினைவுக் கல் இருக்கிறது, லிவர்பூல் கழுத்துத் துணிகள் கட்டியிருந்தன. பாரம்பரியம் பாரம்பரியம் என்று கார்னர் கிக்கையும் வெள்ளிக் கோப்பையையும் மட்டும் சொல்லி இந்த வாசலைத் தாண்டிப் போய்விட ஷெஃபீல்டுக்கு உரிமை கிடையாது. நண்பருடன் வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவர், வெட்னெஸ்டே ரசிகர், இதைப் பற்றிப் பேசவே மாட்டார் என்றார் நண்பர். அது மறதி இல்லை என்பதும் நண்பர் சொன்னதுதான்.

சில இடங்களை எட்டிப் பார்த்ததோடு சரி. விங்கோபாங்க்கில் தேவாலயக் கூடமொன்றில் பிரெண்டன் இங்கிள் நடத்திய குத்துச்சண்டைக் கூடம், ஏமன் வம்சாவளியில் வந்த நசீம் ஹமீதை உலகச் சாம்பியனாக்கிய இடம். தரையில் வரைந்த கோடுகளின் மேல் கால் மாற்றி நடக்கவிட்டே பயிற்சி கொடுத்தாராம். டவுனில் தங்க முலாம் பூசிய ஒரு தபால் பெட்டி, 2012 ஒலிம்பிக்கில் ஜெஸிகா என்னிஸ் தங்கம் வாங்கியதற்காக. அவர் பயிற்சி எடுத்த டான் வேலி ஸ்டேடியத்தை அடுத்த வருடமே செலவு கட்டாது என்று மூடி இடித்தார்கள். தபால் பெட்டிக்குப் பெயின்ட் அடிக்க ஆகும் செலவு குறைவுதான், மறுக்க முடியாது.

கடைசியாக, மூத்த கிளப்பைப் பார்க்க ஊரைவிட்டே வெளியே போக வேண்டியிருந்தது. ஷெஃபீல்டு ஃபுட்பால் கிளப் இருப்பது ஷெஃபீல்டில் இல்லை. தெற்கே டிரான்ஃபீல்டில், டெர்பிஷயர் கவுண்டியில். மைதானம் மைதானமாக மாறி மாறி, 2001-ல் கோச் அண்ட் ஹார்சஸ் என்ற மதுக்கடையின் பின்னால் ஒரு மைதானத்தைப் பிடித்தார்கள். பணத்துக்கு ஆடுவது வந்தபோது, நாங்கள் ஆடுவது ஆசைக்குத்தான் என்று விலகி நின்ற கிளப் இது. சுற்றியிருந்தவர்கள் பெரிய கிளப்புகளாக வளர்ந்தார்கள், இவர்கள் 1904-ல் அமெச்சூர் கோப்பை வாங்கித் திருப்தியானார்கள். 2004-ல் ஃபிஃபா நூற்றாண்டு கொண்டாடியபோது இரண்டே கிளப்புகளுக்கு மரியாதை செய்தது: ஒன்று ரியல் மாட்ரிட், மற்றது ஷெஃபீல்டு ஃபுட்பால் கிளப். 2007-ல் நூற்றைம்பதாம் ஆண்டுக்கு இன்டர் மிலான் வந்து பிராமல் லேனில் ஆடியது, பெலே நேரில் வந்து பார்த்தார். அப்படிப்பட்ட கிளப்பின் சிவப்பு–கறுப்புச் சட்டையை மதுக்கடைக் கூடத்தில் ஆணியில் மாட்டியிருந்தார்கள், பக்கத்தில் பீர் விலைப் பட்டியல்.

2011-ல் இவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். முதல் விதிகளின் கையெழுத்துப் பிரதியையும், அச்சிட்ட விதிப் புத்தகத்தில் எஞ்சியிருந்த ஒரே பிரதியையும், பழைய நடவடிக்கைக் குறிப்பேடுகளையும் லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் விட்டார்கள். 8,81,250 பவுண்டு. அன்றைய கணக்கில் ஆறு கோடி ரூபாய்க்கு மேல். வாங்கியவர் பெயர் வெளிவரவில்லை. எதற்கு விற்றார்கள்? ஊருக்குள் திரும்பிப்போய் ஒரு மைதானம் அமைக்கப் பணம் வேண்டும் என்று. சொத்தை விற்றா குடும்பம் நடத்துவது என்று எனக்குக் கோபம்தான் வந்தது. கூடத்தில் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் அதைக் கேட்டும்விட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "விதியைப் படிக்கணும்னா நகல் இருக்கு. பசங்க எங்கே ஆடுவாங்க?" என்றார். பிறகு, நான் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். உங்கள் ஊரிலும் கார்னர் கிக் உண்டல்லவா, அது எங்களுடையது, வாடகை பாக்கி இருக்கிறது என்று சிரிக்காமல் சொன்னார். நகர எல்லைக்குள் மெடோஹெட் பக்கம் மைதானம் கட்டும் திட்டத்தைப் பற்றி விரல்விட்டு விவரித்தார். அந்தப் பேச்சு அந்தக் கூடத்தில் பல வருடமாக நடக்கிறது என்பது, பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கண்ணைச் சுழற்றிக்கொண்டதில் தெரிந்தது. என் கோபம் பாதி இறங்கியது. பாதி இன்னும் இருக்கிறது. அந்தக் காகிதங்கள் யாருடைய இரும்புப் பெட்டியிலோ கிடப்பதைவிட, ஊர் நூலகத்தில் ஒரு கண்ணாடிக்குக் கீழே கிடந்திருக்கலாம். நகரசபை கையில் அன்றைக்கு ஒரு உண்டியலாவது இருந்திருக்க வேண்டும்.

சமீப காலமாக ஊரில் ஆர்வலர்கள் சிலர் இந்த இடங்களையெல்லாம் கோத்து நடைவழி அமைக்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். ப்ரெஸ்டின் கல்லறை ஊர்ப் பொதுக் கல்லறையிலேயே இருக்கிறது, மரங்கள் அடர்ந்து அழகான இடம், நடக்க விரும்புகிறவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

போகிறவர்கள் சனிக்கிழமையைக் கணக்குப் பண்ணிப் போங்கள். மற்ற நாளில் சாண்டிகேட் பூட்டிக் கிடக்கும், வேலி வழியாகச் சரிவை மட்டும்தான் பார்க்க முடியும். ஆட்டம் பெரும்பாலும் மதியம் மூன்று மணிக்கு. கையில் சில்லறையும் தலையில் தொப்பியும் அவசியம், மேட்டுக் காற்று காதை அறுக்கும். ஹாலமும் ஷெஃபீல்டும் மோதுகிற நாள் வாய்த்தால் வேறு எந்த டிக்கெட்டையும் விட்டுவிட்டு அதற்குப் போகலாம். அன்றைக்கு மட்டும் யார் மூத்தவர் என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். ஒருவர் மைதானத்தைச் சொல்வார், மற்றவர் கிளப்பைச் சொல்வார், 1860-ன் பனியில் ஆரம்பித்து வாட்டர்ஃபாலின் மேல்சட்டைக்கு வந்து சேர்வதற்குள் முதல் பாதி போய்விடும்.